வாரிசு யார்? - ஒசாமு தெசுகாவின் வாழ்க்கை

மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. இந்தச் சொல்லை எங்கள் வீட்டில் முதன்முதலில் உச்சரித்தபோது, ஊறுகாய் போடும் பருவம் வந்துவிட்டதா என்று பாட்டி கேட்டார். மலாய்மொழியிலும் 'மங்கா' என்றால் மாம்பழந்தானே! எனவே இந்நாட்டில் மங்கா படிக்கும் தமிழ் மாணவர் எவரும் இரண்டு மொழியில் கேலிக்கு ஆளாகாமல் தப்ப முடியாது. இருந்தாலும் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு நான் படித்தவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்த நூல்களில் ஒன்று ஒரு மங்காதான்.

அதன் பெயர் ஆங்கிலத்தில் 'பிரின்சஸ் நைட்'. ஜப்பானிய மூலப் பெயருக்கு 'ரிப்பன் அணிந்த குதிரைவீரன்' என்று பொருள் சொல்லலாம். 2011இல் ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக வந்தது. தேவதை, சூனியக்காரி, கடற்கொள்ளையன், வாட்போர் எல்லாம் உண்டு. ஆனால் கதையின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: அரியணை யாருக்கு?

சில்வர்லேண்ட் என்னும் நாட்டில் ஆண் வாரிசு மட்டுமே முடிசூட முடியும் என்பது சட்டம். அரசனுக்குப் பிறப்பதோ பெண். ஆனால் பிறப்பதற்கு முன்பே விண்ணுலகில் ஒரு குறும்பு நடந்துவிடுகிறது. ஆண் குழந்தைகளுக்கு நீல இதயமும் பெண் குழந்தைகளுக்கு இளஞ்சிவப்பு இதயமும் கொடுப்பது அங்குள்ள வழக்கம். டிங்க் என்னும் குட்டித் தேவன் விளையாட்டாக நீல இதயத்தைக் கொடுத்துவிட, கடவுள் இளஞ்சிவப்பு இதயத்தையும் கொடுக்கிறார். சஃபயர் இரண்டு இதயங்களோடு பிறக்கிறாள். நாட்டுக்கு அவள் இளவரசன். அரண்மனையில் யாரும் காணாத வேளையில் மட்டும் அவள் இளவரசி. டூராலுமின் பிரபு தன் மகன் பிளாஸ்டிக்கை அரசனாக்கத் துடிக்கிறான். அவனுக்குத் துணை நைலான் என்னும் கையாள். நல்லவர்களுக்கு நீலக்கல், வெள்ளி, தங்கம் என்று பெயர் வைத்துவிட்டு, தீயவர்களுக்கு அக்காலத்துப் புதுப்புதுச் செயற்கைப் பொருள்களின் பெயர்களைச் சூட்டிய குறும்பை எண்ணி நான் சிரித்தேன்.

பிறகு பதிப்பாண்டைப் பார்த்தேன். தொடர் முதலில் வெளிவந்தது 1953ஆம் ஆண்டு. போரில் தோற்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு நாட்டில், சிறுமிகள் படிக்கும் மாத இதழில், இப்படியொரு கேள்வியை எழுப்பியவர் யார்? அவரைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. ஒசாமு தெசுகா என்னும் அந்த மனிதரின் வாழ்க்கையும் ஒரு வாரிசுரிமைக் கதைதான் என்பதே நான் கண்டது.

பூச்சியும் மேடையும்

தெசுகா 1928 நவம்பர் 3ஆம் நாள் ஓசாகாவை அடுத்த தொயொனகாவில் மூத்த மகனாகப் பிறந்தார். அந்நாள் மெய்ஜி பேரரசரின் பிறந்தநாள். ஆகவே 'மெய்ஜி' என்னும் பெயரில் உள்ள ஓர் எழுத்தையே எடுத்து 'ஒசாமு' என்று பெயரிட்டார்கள். பிறந்த அன்றே அரச பரம்பரையின் ஓர் எழுத்து அவர் பெயரில் ஏறிவிட்டது! ஆனால் சிறுவன் ஒசாமுவுக்குப் பேரரசரைவிடப் பூச்சிகள்மேல்தான் பற்று. வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்து வந்து நுணுக்கமாக வரைவார். ஜப்பானிய மொழியில் 'ஒசாமுஷி' என்று ஒரு வண்டு உண்டு. தம் பெயரோடு அதற்குள்ள ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து, பெயரின் இறுதியில் பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். அதுவே கடைசிவரை அவருடைய புனைபெயராக இருந்தது.

அவருக்கு ஐந்து வயதளவில் குடும்பம் தகராசுகா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வூரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற இசை நாடகக் குழு ஒன்று உண்டு. இளவரசன், படைத்தலைவன், காதலன் என்று எல்லா ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்பார்கள். தாயார் மகனை அடிக்கடி அங்கு அழைத்துச் செல்வார். ஆண் உடையில் வாள் சுழற்றும் பெண்ணை அவர் முதலில் கண்டது கற்பனையில் அன்று, அந்த மேடையில்தான். சஃபயரின் பிறப்பிடம் அதுவே எனலாம்.

பள்ளியில் சுருட்டை முடியும் மெலிந்த உடலுமாக இருந்த அவரை மற்றப் பிள்ளைகள் ஓயாமல் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்தால் தாயார் சித்திரக்கதைகளைப் பாத்திரத்துக்கு ஒரு குரலாக மாற்றி மாற்றிப் படித்துக் காட்டுவார். தந்தையார் வீட்டிலேயே சிறு திரைப்படக் கருவி வைத்து, சாப்ளினையும் மிக்கி மௌஸையும் சுவரில் ஓடவிட்டார். பின்னாளில் அவருடைய சித்திரக்கதைகள் திரைப்படம்போல் ஓடியதற்கு வித்து அங்கே விழுந்தது.

மருத்துவனா, ஓவியனா?

போர் முற்றியபோது அவர் பதின்ம வயதினர். 1944இல் மாணவர்களுக்கான பயிற்சி முகாமில் இருந்தபோது தோல்நோய் பற்றி இரண்டு கைகளும் வீங்கின. கைகளையே இழக்கும் நிலை. ஒரு மருத்துவர் அவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தார். அன்று முதல் தாமும் மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது. 1945 ஏப்ரலில் குண்டுவீச்சால் சிதைந்துகிடந்த ஓசாகா நகரில், தப்பி நின்ற ஒரு திரையரங்கில், 'மொமொதாரோ' என்னும் ஜப்பானிய உயிரோட்டப் படத்தைப் பார்த்தார். போர்ப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் அதற்குள்ளும் இருந்த கனவைக் கண்டு கண்ணீர் விட்டார். என்றாவது ஒருநாள் தாமும் இப்படியொரு படம் எடுக்க வேண்டும் என்று உறுதி கொண்டார்.

ஆக, ஒரே மனிதருக்குள் இரண்டு இதயங்கள்! ஒன்று மருத்துவம், மற்றொன்று சித்திரம்.

1945இலேயே ஓசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1946 ஜனவரியில், பதினேழு வயதில், சிறுவர் செய்தித்தாள் ஒன்றில் அவருடைய முதல் தொடர் வெளிவந்தது. 1947இல் வந்த 'புதிய புதையல் தீவு' நாலு இலட்சம் படிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. பகலில் உடற்கூறு வகுப்பு, இரவில் வரைபலகை. இரண்டையும் ஒருசேரச் சுமக்க இயலாத நிலை வந்தபோது தாயாரிடம் போய்க் கலந்து பேசினார். எது உனக்கு உள்ளபடியே பிடித்திருக்கிறது என்று மட்டும் தாயார் கேட்டார். சித்திரக்கதை என்றார் மகன். அப்படியானால் அதையே செய் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மையார். 1940களின் ஜப்பானில், மருத்துவம் படிக்கும் மூத்த மகனிடம் ஒரு தாய் சொன்ன பதில் இது! நம் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இருப்பினும் அவர் படிப்பைப் பாதியில் விடவில்லை. 1951இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு மருத்துவர் தேர்விலும் தேறினார். புகழின் உச்சியில் இருந்த 1961இல் நத்தையின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. தொழிலாக நோயாளியைத் தொடவில்லையே தவிர, நீல இதயமோ இளஞ்சிவப்பு இதயமோ எதையும் அவர் எறிந்துவிடவில்லை.

அரியணைக் கதைகள்

1950இல் அவர் தொடங்கிய 'காட்டுப் பேரரசன்', தந்தையை இழந்த வெள்ளைச் சிங்கக்குட்டி லியோவின் கதை. அதுவும் அரசுரிமைக் கதையே. ஆனால் அதன் முடிவில் லியோ அரியணையில் அமர்ந்து கர்ச்சிக்கவில்லை. பனிமலையில் குளிரில் மடியவிருந்த மனிதன் ஒருவன் பிழைக்கவேண்டித் தன் உடலையும் தோலையும் கொடுத்துவிடுகிறது. 1952இல் ஆட்டம் என்னும் இயந்திரச் சிறுவன் பிறந்தான். 1953 ஜனவரியில் சஃபயர் வந்தாள்.

அக்காலச் சூழலை நாம் கவனிக்க வேண்டும். 1946 ஏப்ரலில்தான் ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். 39 பெண்கள் வென்றார்கள். 1947 மே 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்றது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரச குடும்பச் சட்டமோ, அரியணை ஆண்வழி ஆண் வாரிசுக்கே என்று வரையறுத்தது. தெசுகா இதை எண்ணித்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆண் மட்டுமே ஆளலாம் என்னும் சட்டத்துக்கு எதிரே வாளேந்தி நின்ற சஃபயரை, அந்தப் புதிய அரசியல் சட்டத்தின் கீழ் வளர்ந்த சிறுமிகள் மாதந்தோறும் படித்தார்கள்.

அவர் இக்கதையை எளிதில் விடவுமில்லை. 1958இல் சஃபயரின் இரட்டைப் பிள்ளைகளை வைத்துத் தொடர்ச்சி எழுதினார். அதில் அண்ணனா தங்கையா யார் வாரிசு என்று அரண்மனையே இரண்டுபடுகிறது. இளவரசன் காட்டில் விடப்பட, தங்கையே இருவராகவும் மாறிமாறி வேடமிட வேண்டியதாகிறது. 1963இல் முதற்கதையையே புதிதாக வரைந்தார். 1967இல் அது தொலைக்காட்சித் தொடரானது.

குறையும் உண்டு. சஃபயரின் துணிவும் வாள்வலிமையும் நீல இதயத்திலிருந்தே வருகின்றன. அதை எடுத்தால் அவள் தளர்ந்துவிடுகிறாள். இறுதியில் அவள் ஃபிரான்ஸ் என்னும் இளவரசனை மணக்கிறாள். வீரத்துக்கு ஏன் ஆணின் இதயம் வேண்டும் என்று இன்று படிக்கும் எந்த மாணவியும் கேட்பாள். நானும் கேட்டேன். எங்கள் வீட்டில் மூத்தவள் நான். ஆனாலும் வாரிசு என்னும் சொல் வரும்போது எல்லாருடைய கண்ணும் தம்பியின் பக்கம்தான் திரும்பும். அன்பில் குறைவைத்து அல்ல, பழக்கத்தில். அதனால்தானோ என்னவோ, சஃபயர் பிடிபட்டுச் சிறையில் கிடக்கும் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

பதினான்காம் எண் அறை

தெசுகா தோக்கியோவில் தொகிவா-சோ என்னும் மரக் கட்டடத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். 1954இல் அங்கிருந்து அவர் வெளியேறியபோது, நாட்டுப்புறத்திலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்கள் அந்த அறைக்கு வந்தார்கள். கையில் காசில்லாத அவர்களுக்காக, தாம் கட்டியிருந்த முப்பதாயிரம் யென் முன்பணத்தைத் திரும்பப் பெறாமல் விட்டுச் சென்றார். தாம் வரைந்த மேசையையும் விட்டுச் சென்றார். அந்த இருவரும் ஃபுஜிகோ ஃபுஜியோ என்னும் ஒரே பெயரில் வரைந்தவர்கள். அவர்களுள் ஒருவர் பின்னர் படைத்ததுதான் நம் சிறுவயதுத் தொலைக்காட்சியில் நாம் பார்த்து வளர்ந்த 'டோராயெமோன்'. இஷினொமோரி, அக்கட்சுகா போன்ற இளைஞர்களும் அதே கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மேசையும் முன்பணமும் கைமாறின. முடிசூட்டு விழா எதுவும் இல்லாமல் ஒரு கலை அடுத்த தலைமுறைக்குப் போனது இப்படித்தான்.

ஆனால் இளையவர்கள் வளர்ந்தபோது அவர் மனம் எப்போதும் அவ்வளவு விரிந்திருக்கவில்லை. 1950களின் இறுதியில் கடுமையான, எதார்த்தமான புதுவகைச் சித்திரக்கதைகள் வந்தன. வாடகை நூலகங்களில் இளைஞர்கள் அவற்றை மொய்த்தார்கள். தெசுகா கலங்கிப்போனார். 1967இல் அவரே தொடங்கிய 'காம்' இதழில் இஷினொமோரி 'ஜுன்' என்னும் சோதனைத் தொடரை வரைந்தார். அது சித்திரக்கதையே அன்று என்ற பொருளில் தெசுகா ஒரு வாசகருக்குக் கடிதம் எழுதிவிட்டார். செய்தி இஷினொமோரிக்கு எட்டியது. மனமுடைந்து தொடரை நிறுத்த முற்பட்டார். அதையறிந்த தெசுகா அவர் இருப்பிடத்துக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். சித்திரக்கதையின் கடவுள் என்று நாடே போற்றிய ஒருவர், பத்து வயது இளையவரின் வாசலில் போய் நின்றார். அரியணையில் இருப்பவனுக்கு வாரிசைக் கண்டால் அச்சம் வருவது எல்லா அரண்மனைக் கதைகளிலும் உண்டு. அந்த அச்சத்தை ஒப்புக்கொண்டு இறங்கி வந்த அரசர்கள் அரியர்.

வீழ்ச்சியும் மீட்சியும்

1945இல் திரையரங்கில் கண்ட கனவை அவர் மறக்கவில்லை. முஷி என்றால் பூச்சி. அப்பெயரிலேயே படநிறுவனம் தொடங்கினார். 1963 ஜனவரி முதல் நாள் 'ஆட்டம்' தொலைக்காட்சியில் பறந்தான். நான்கு ஆண்டுகளில் 193 பகுதிகள் ஒளிபரப்பாயின. ஆனால் மிகக் குறைந்த விலைக்கு விற்றதால் ஒவ்வொரு பகுதியும் நட்டமே. அந்தக் குறைந்த விலை பின்னர் தொழில் முழுவதற்கும் சுமையாகிவிட்டது என்று ஹயாவோ மியாசாகி பிற்காலத்தில் கடுமையாகவே எழுதினார். அவரும் இளமையில் தெசுகாவைப் போல வரைந்தவர். தம் ஓவியங்களில் தெசுகாவின் சாயலைக் கண்டு அவற்றை எரித்தவர். வாரிசுகளில் இப்படியும் ஒரு வகை உண்டு.

1973இல் முஷி நிறுவனம் கடனில் மூழ்கி நொடித்துப்போனது. தெசுகாவின் காலம் முடிந்தது என்று பதிப்புலகம் முடிவு கட்டியது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு வார இதழ், சில வாரங்களுக்கு மட்டும் என்று எண்ணி அவருக்கு இடம் கொடுத்தது. அவர் வரைந்தது உரிமமில்லாத அறுவை மருத்துவன் ஒருவனின் கதை. பெயர் 'பிளாக் ஜாக்'. சில வாரம் என்றது பல ஆண்டு ஓடியது. இருபது ஆண்டுக்கு முன் ஒதுக்கிவைத்த மருத்துவ இதயம்தான் அவரை அன்று மீட்டது என்பேன்.

அதே காலத்தில் அவர் வரைந்துகொண்டிருந்த இன்னொரு பெரிய தொடர் 'புத்தா'. 1972 முதல் 1983 வரை வெளிவந்தது. அரியணைக்கு உரிய இளவரசன் அதைத் துறந்து வெளியேறும் கதை. லியோ கொடுத்தான், சஃபயர் போராடினாள், சித்தார்த்தன் துறந்தான். மூன்றிலும் அரியணை இருக்கிறது. ஆனால் ஒன்றிலும் அரியணை பெரிதாக இல்லை.

தெசுகா 1989 பிப்ரவரி 9ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். அறுபது வயதுதான். நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பது அந்நாளைய ஜப்பானிய வழக்கம். மருத்துவப் பட்டம் பெற்ற அவருக்கும் அது சொல்லப்படவில்லை. மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்தார். பெத்தோவனைப் பற்றியது உட்பட மூன்று தொடர்கள் பாதியில் நின்றன. வாழ்நாளில் அவர் வரைந்தவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பக்கங்கள். 1994இல் தகராசுகாவில் அவருக்கு நினைவகம் திறக்கப்பட்டது.

சஃபயரின் தங்கைகள்

வாரிசு யார் என்னும் கேள்விக்கு வருவோம். 1950களில் சிறுமியர் இதழ்களில் வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. இருபது ஆண்டுகளில் அந்நிலை தலைகீழானது. தெசுகாவின் ஒரு கதையைப் படித்துத்தான் சித்திரக்கதை வரைவது என்று முடிவு செய்ததாகச் சொன்னவர் மோட்டோ ஹாகியோ. 1970களில் அவரும் அவர் வயதொத்த பெண்களும் சிறுமியர் சித்திரக்கதையின் போக்கையே மாற்றினார்கள். 1972இல் ரியோகோ இக்கேதா என்னும் இளம்பெண், ஆணாக வளர்க்கப்பட்டுப் படைத்தலைவராகும் ஆஸ்கர் என்ற பெண்ணை நாயகியாக்கி 'வெர்சாய் ரோஜா'வைப் படைத்தார். ஆஸ்கரின் வீரத்துக்கு ஆணின் இதயம் தேவைப்படவில்லை. 1974இல் அக்கதையை மேடையேற்றிப் பெரும்புகழ் பெற்றது எது தெரியுமா? சிறுவன் ஒசாமு தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே தகராசுகா நாடகக் குழுதான்! சில்வர்லேண்டில் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட அரியணையை, அக்கதையைப் படைத்தவரின் கலையில் பெண்கள் தாமே ஏறி அமர்ந்தார்கள்.

நண்பர்களே, நாமும் ஒவ்வோர் ஆண்டும் நம் கழகத்தின் பொறுப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோம். கோப்புகளும் கணக்குப் புத்தகமும் அலமாரிச் சாவியும் கைமாறுகின்றன. நம்மைப்போலவே நடத்துகிறார்களா என்று விலகியபின்னும் எட்டிப் பார்க்கிறோம். வேறுவிதமாக நடத்தினால் முகம் சுளிக்கிறோம். தெசுகாவும் முகம் சுளித்தவர்தான். ஆனால் மேசையை விட்டுச் சென்றவரும் அவரே, மன்னிப்புக் கேட்கப் போனவரும் அவரே. பொறுப்பிலிருந்து விலகும் மூத்தவர்களுக்கு இந்த இரண்டையும் நினைவூட்ட விரும்புகிறேன். அந்த மேசையில் இனி உட்காரப்போகும் தம்பி தங்கைகளே, அதில் எதை வரைவது என்பது உங்கள் உரிமை.